ஓயாத மூக்கடைப்பு: எலும்பு வளைவா, ஒவ்வாமையா, சொட்டு மருந்தா?

கேள்வி இது: "ஒரு வருடத்துக்கு மேலாக மூக்கடைப்பு. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீர் மாதிரி ஒழுகுகிறது. இரவில் ஒரு பக்கம் அடைக்கிறது, புரண்டு படுத்தால் மறுபக்கம் அடைக்கிறது. மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு மருந்தைப் போட்டால்தான் தூக்கம் வருகிறது. ஸ்கேன் எடுத்ததில் மூக்கு எலும்பு வளைந்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் செய்தால் நிரந்தரமாகச் சரியாகிவிடுமா?"

ஆபரேஷனுக்கு அவசரப்படாதீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மூன்று விஷயங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருப்பதாகத் தெரிகிறது: ஒவ்வாமை, சொட்டு மருந்தே உண்டாக்கிய வீக்கம், அப்புறம் அந்த எலும்பு வளைவு, அதாவது மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவரின் வளைவு. முதல் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு மூன்றாவதில் கத்தி வைத்தால், சில மாதங்களில் இதே கேள்வியோடு திரும்பி வரவேண்டியிருக்கும். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் உங்கள் வரிகளிலேயே ஒரு நல்ல துப்பு இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மூக்கு அடைத்தால் உள்ளே சளி நிரம்பியிருக்கிறது என்றுதான் நினைப்போம். சிந்திச் சிந்திப் பார்த்தாலும் ஒன்றும் வராது, அடைப்பும் போகாது. காரணம், பெரும்பாலான நேரம் அடைப்பது சளி அல்ல, வீக்கம். மூக்கின் இரண்டு பக்கச் சுவர்களிலும் டர்பினேட் எனப்படும் மடிப்புகள் மும்மூன்று உண்டு. நடுவில் மெல்லிய எலும்பு, அதன் மேல் இரத்தக் குழாய்கள் நிறைந்த சதை, அதற்கும் மேல் ஈரமான சவ்வு. கீழே இருக்கும் மடிப்புதான் பெரியது. நாம் ஒரு நாளில் இழுக்கும் சுமார் 10,000 லிட்டர் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசி நீக்கி நுரையீரலுக்கு அனுப்புவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தச் சதையில் இரத்தம் நிரம்பினால் சில நிமிடங்களில் உப்பிக்கொள்ளும், வடிந்தால் சுருங்கிக்கொள்ளும்.

இந்த உப்புதலும் சுருங்குதலும் நோயில்லாத மூக்கிலும் நடக்கிறது. பலருக்கு ஒரு பக்கம் விரிந்திருக்கும்போது மறுபக்கம் சற்று அடைத்திருக்கும், சில மணி நேரம் கழித்து இடம் மாறும். ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895இலேயே இதை விவரித்துவிட்டார். மூக்கு நன்றாக இருக்கும்வரை இந்த மாற்றம் நமக்குத் தெரியவே தெரியாது. இரண்டு பக்கமும் ஏற்கெனவே வீங்கியிருக்கும்போதுதான் எந்தப் பக்கம் முறை வருகிறதோ அது முழுதாக மூடிக்கொள்கிறது. படுத்தால் தலைப்பக்கம் இரத்த ஓட்டம் கூடும், எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறோமோ அந்தப் பக்கத்து மூக்கு இன்னும் உப்பும். நான் சொன்ன துப்பு இதுதான். புரண்டு படுத்தால் அடைப்பும் பக்கம் மாறுகிறது என்கிறீர்கள். எலும்பு இரவில் பக்கம் மாறாது. மாறுகிறது என்றால் அடைப்பதில் பெரும்பங்கு சவ்வின் வீக்கத்துக்குத்தான். சவ்வின் வீக்கத்தை மருந்தால் குறைக்க முடியும்.

முதலில் சொட்டு மருந்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் அது போகாமல் வேறு எதுவும் தெளிவாகாது. கடைகளில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் இவற்றில் பெரும்பாலும் சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்ஸிமெட்டாசோலின் இருக்கும். மூக்குச் சதையின் இரத்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்குவதுதான் இவற்றின் வேலை. போட்ட சில நிமிடங்களில் மூக்கு திறந்துவிடும், பல மணி நேரம் தாங்கும். சளி பிடித்த மூன்று நாளைக்கு அருமையான மருந்து, குறை சொல்வதற்கில்லை. ஆனால் மூன்று முதல் ஐந்து நாளைத் தாண்டித் தொடர்ந்தால் கதை மாறுகிறது. மருந்தின் பிடி விட்டதும் குழாய்கள் முன்பைவிட அதிகமாக உப்புகின்றன. அதற்கு மறுபடி மருந்து, அது விட்டதும் மறுபடி உப்பல். பன்னிரண்டு மணி நேரம் தாங்கியது எட்டாகும், ஆறாகும், கடைசியில் சட்டைப் பையில் குப்பி இல்லாமல் வெளியே போக முடியாத நிலை வரும். வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரிதான், அடைக்க அடைக்க அசல் அப்படியே நிற்கும். மருந்தாலேயே வரும் இந்த மூக்கழற்சிக்கு மருத்துவத்தில் தனிப்பெயரே உண்டு. சளிக்காக ஒருமுறை வாங்கியது, ஒவ்வாமைக்காக ஒருமுறை வாங்கியது என்று தெரியாமலே இதில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். குப்பியின் மேல் எழுதியிருக்கும் எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை.

இதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது. மருத்துவரிடம் சொல்லி ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயைத் தொடங்குங்கள், சில நாள் கழித்துச் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். ஒரேயடியாக நிறுத்தப் பயமாக இருந்தால் முதலில் ஒரு மூக்கில் மட்டும் நிறுத்தலாம். அந்தப் பக்கம் திறந்து பழகியதும் மறுபக்கத்தையும் விட்டுவிடலாம். முதல் சில இரவுகள் கஷ்டமாகத்தான் இருக்கும். தலையணையை உயர்த்திப் படுப்பதும், படுக்குமுன் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் கொஞ்சம் உதவும். பலருக்கு ஓரிரு வாரங்களில் மூக்கு தன் நிலைக்குத் திரும்பத் தொடங்கிவிடும், வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு இன்னும் நாளாகலாம். மிகவும் முடியாதவர்களுக்கு மருத்துவர் சில நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை தருவதும் உண்டு, அதை நீங்களாகச் செய்யக் கூடாது.

இரத்த அழுத்தம், இதய நோய், குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இந்தச் சொட்டு மருந்தை மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் குப்பியைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஓரிரு மில்லி விழுங்கினாலே குழந்தைக்கு மயக்கம் வந்து, இதயத்துடிப்பு குறைந்து, மருத்துவமனையில் சேர்க்க நேரலாம். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2012இல் இதற்காகவே எச்சரிக்கை விட்டது.

சரி, குப்பி போன பிறகும் அடைப்பு மிச்சம் இருந்தால் அதற்குக் காரணம் என்ன? உங்கள் விஷயத்தில் ஒவ்வாமை மீதுதான் என் சந்தேகம். அடுக்கடுக்கான தும்மல், தண்ணீர் போன்ற ஒழுக்கு, இவற்றோடு மூக்கிலோ கண்ணிலோ மேலண்ணத்திலோ அரிப்பும் இருந்தால் அனேகமாக உறுதி. நீங்கள் அரிப்பைப் பற்றி எழுதவில்லை, யோசித்துப் பாருங்கள். சளி, காய்ச்சல் தரும் வைரஸ் தொற்றில் அரிப்பு அவ்வளவாக இருக்காது, அது ஏழு முதல் பத்து நாளில் முடிந்தும் விடும்.

ஒவ்வாமையில் நடப்பது இரண்டு கட்டமாக நடக்கிறது. உடல் ஏதோ ஒரு பொருளுக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து, மூக்குச் சவ்விலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டி வைத்திருக்கும். அந்தப் பொருள் மறுபடி மூக்குக்குள் போனதும் செல்கள் வெடித்தாற்போல ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். சில நிமிடங்களில் தும்மல், அரிப்பு, ஒழுக்கு எல்லாம் வந்துவிடும். இது முதல் கட்டம். சில மணி நேரம் கழித்து ஈசினோஃபில் போன்ற வெள்ளையணுக்கள் அங்கே குவியும், சவ்வு தடித்து வீங்கும், அடைப்பு நிலைத்துவிடும். இது இரண்டாம் கட்டம். ஒவ்வாமை மாத்திரை போட்டால் தும்மல் நிற்கிறது, அடைப்பு மட்டும் போகவில்லை என்று பலர் சொல்வதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. மாத்திரை ஹிஸ்டமினை மட்டும் தடுக்கிறது, இரண்டாம் கட்டத்தில் வேறு பல வேதிப்பொருட்கள் வேலை செய்கின்றன.

இந்த நோயை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக், 1819இல். அவர் விவரித்த நோயாளி அவரேதான். காரணம் மகரந்தம் என்று காட்ட இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1873இல் சார்லஸ் பிளாக்லி தன் உடம்பிலேயே மகரந்தத்தைத் தேய்த்துப் பார்த்து அதை எழுதினார். ஆக, ஒவ்வாமைச் சோதனையின் மூதாதை மூக்கு ஒழுகிய ஒரு மருத்துவரின் சொந்தத் தோல்தான்.

மகரந்தம் பருவத்தோடு வந்து போகும். வருடம் முழுவதும், அதுவும் படுக்கையை விட்டு எழும்போது தொல்லை என்றால் தூசி உண்ணிதான் முதல் சந்தேகத்துக்குரியது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று தலையணையிலும் மெத்தையிலும் வாழ்கிறது. கடிக்காது. அதன் கழிவுதான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. தண்ணீர் குடிக்க வழியில்லாமல் காற்றின் ஈரத்தைத்தான் உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் திணறும். படுக்கை விரிப்பு, உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் சூட்டு நீரில் துவைத்தால் சாகும். பூஞ்சை, கரப்பான், பூனை, நாய் எல்லாம் அடுத்த வரிசை. பூனையை வேறு வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அதன் ஒவ்வாமைப் பொருள் மாதக்கணக்கில் அறையில் இருக்கும்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். தூசி உண்ணிக்காக விற்கும் மெத்தை உறைகளை மட்டும் போட்டுப் பார்த்த நல்ல ஆய்வில் நோயாளிகளின் மூக்குத் தொல்லை பெரிதாகக் குறையவில்லை. சூட்டில் துவைப்பது, ஈரம் குறைப்பது, தடித்த கம்பளங்களை எடுப்பது எல்லாம் சேர்ந்தால் ஓரளவு பயன் கிடைக்கலாம். வீட்டையே தலைகீழாகப் புரட்டிப் பணத்தைக் கொட்டுமுன் மருந்தைச் சரியாகப் போடுவது மேல்.

எல்லா மூக்கழற்சியும் ஒவ்வாமை அல்ல. வாசனைத் திரவியம், புகை, குளிர்காற்று, வெப்பநிலை மாற்றம் இவை பட்டதும் சிலருக்கு மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும். சோதனை செய்தால் எந்த ஒவ்வாமையும் தெரியாது, அரிப்பும் பெரிதாக இருக்காது. மூக்கின் நரம்புகள் அளவுக்கு மீறிக் கூச்சம் கொள்வதால் வருவது இது. சூடாகவோ காரமாகவோ சாப்பிட்டால் மட்டும் மூக்கு ஒழுகுபவர்கள் உண்டு. வயதானவர்களுக்குக் காரணமே இல்லாமல் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருக்கும். கர்ப்ப காலத்தில் வரும் அடைப்பு பிரசவத்துக்குப் பிறகு ஓரிரு வாரத்தில் தானாகப் போய்விடும். தைராய்டு குறைவும் அடைப்பைத் தரலாம். வேலையிடத்து மாவுத்தூசி, மரத்தூசி, ரசாயனம் காரணமாக இருந்தால் விடுமுறை நாட்களில் மூக்கு நன்றாக இருக்கும். விடுமுறையில் மூக்கு எப்படி இருக்கிறது என்ற இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதில் பயனில்லை.

நீங்கள் வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகளையும் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகள், புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின் வகை, ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், சில கருத்தடை மாத்திரைகள் எல்லாம் மூக்கை அடைக்கச் செய்யலாம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை போட்ட ஓரிரு மணி நேரத்தில் மூக்கு அடைத்து மூச்சும் இறுகுகிறது என்றால் அது தனி நோய். ஆஸ்துமா, மூக்குப் பாலிப் என்ற சதை வளர்ச்சி, இந்த ஆஸ்பிரின் கோளாறு மூன்றும் சேர்ந்தே வரும். அவர்கள் அந்த வலி மாத்திரைகளைத் தவிர்த்து உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் "எனக்குச் சைனஸ்" என்ற பேச்சு. மூக்கு அடைத்தாலும் சைனஸ், தலை வலித்தாலும் சைனஸ் என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடுகிறோம். நாள்பட்ட சைனஸ் அழற்சி என்று சொல்ல அடைப்பு, கெட்டியான சளி, முகத்தில் அழுத்தம், வாசனை தெரியாமை போன்றவற்றில் குறைந்தது இரண்டு 12 வாரம் தொடர வேண்டும், அதில் ஒன்று அடைப்பாகவோ சளியாகவோ இருக்க வேண்டும், மூக்குக்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியிலோ ஸ்கேனிலோ சான்றும் வேண்டும். மூக்கில் எந்தத் தொல்லையும் இல்லாமல் நெற்றி, கன்னப் பக்கம் விண்விண் என்று வலித்து, வெளிச்சம் பிடிக்காமல் குமட்டினால் அது பெரும்பாலும் மைக்ரேன். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் பாக்டீரியா என்பதும் சரியல்ல. வெள்ளையணுக்களில் உள்ள ஒரு நொதிதான் அந்த நிறத்தைத் தருகிறது, சாதாரண வைரஸ் சளியிலும் அப்படி வரும். பத்து நாளாகியும் குறையவே இல்லை, அல்லது குறைந்துகொண்டு வந்தது திடீரென்று மறுபடி மோசமாகிறது, அல்லது 39 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு சீழ்ச்சளி மூன்று நான்கு நாள் தொடர்கிறது என்றால்தான் ஆன்டிபயாட்டிக் பற்றி யோசிக்க வேண்டும்.

நோயைக் கண்டுபிடிப்பதில் பாதிக்கு மேல் பேச்சிலேயே முடிந்துவிடும். எப்போது வருகிறது, எங்கே போனால் குறைகிறது, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, மூச்சில் வீசிங் உண்டா, குறட்டை உண்டா, வாசனை தெரிகிறதா. ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கழற்சியும் இருக்கிறது. ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் மற்றது அடங்காது, அதனால் இரவு இருமலும் நெஞ்சு இறுக்கமும் உண்டா என்று கேட்காமல் விடக் கூடாது. பிறகு விளக்கோடு மூக்கைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் மெல்லிய எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று நிமிட வேலை, வலி அதிகம் இருக்காது.

இங்கே ஒரு சின்ன விஷயம். கண்ணாடி முன் நின்று செல்பேசி விளக்கை மூக்குக்குள் அடித்துப் பார்த்துவிட்டு "சதை வளர்ந்திருக்கிறது" என்று பதறுபவர்கள் நிறைய. அனேகமாக அது எல்லோருக்கும் இருக்கும் அந்தக் கீழ் டர்பினேட்தான். இளஞ்சிவப்பாக இருக்கும், தொட்டால் உறுத்தும். உண்மையான பாலிப் வெளிறிய சாம்பல் நிறத்தில் உரித்த திராட்சை போலிருக்கும், தொட்டால் உணர்ச்சி இருக்காது, பெரும்பாலும் வாசனை தெரியாமலும் போயிருக்கும்.

ஒவ்வாமையைத் தேடும் சோதனைகளில் முன்னங்கையில் சொட்டு வைத்து லேசாகக் குத்தும் தோல் சோதனை விரைவானது. 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பை அளந்து சொல்லிவிடுவார்கள். ஒவ்வாமை மாத்திரைகளைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், மூக்கு ஸ்பிரேயை நிறுத்த வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கும் தோல் நோய் உள்ளவர்களுக்கும் இரத்தத்தில் குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇ அளக்கலாம். மொத்த ஐஜிஇ அளவு மட்டும் எடுத்துப் பெரிதாக ஒன்றும் தெரியாது. எந்தச் சோதனையிலும் ஒரு பொருளுக்குப் பாசிட்டிவ் என்று வந்தால் உடல் அதை அடையாளம் வைத்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். உங்கள் தொல்லைக்கு அதுதான் காரணமா என்பதை உங்கள் அனுபவத்தோடு பொருத்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நூறு உணவுகளுக்கு ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தை அளந்து நீண்ட பட்டியல் கொடுக்கும் சோதனைகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அந்த அளவு நீங்கள் என்ன சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டுகிறது. சாதாரண மூக்கழற்சிக்கு எக்ஸ்ரேயும் வேண்டாம். மருந்துக்கு அடங்காதபோதோ ஆபரேஷனுக்கு முன்போதான் சி.டி. ஸ்கேன்.

இனி மருந்து. தொடரும் அடைப்புக்கு முதல் மருந்து ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே: ஃப்ளூட்டிகாசோன், மொமெட்டாசோன், புடெசோனைடு இவற்றில் ஒன்று. தும்மல், ஒழுக்கு, அடைப்பு என்று மூன்றுக்கும் கேட்கும், ஏனென்றால் அந்த இரண்டாம் கட்ட அழற்சியையே அடக்குகிறது. சொட்டு மருந்தின் வேகத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள். முதல் நாளிலேயே கொஞ்சம் தெரியலாம், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்வரை ஆகும். இரண்டு நாள் போட்டுவிட்டு "இது கேட்கவில்லை" என்று பெட்டியில் போட்டுவிடுவதுதான் இந்த மருந்து தோற்பதற்குப் பெரிய காரணம். தினமும் போட வேண்டும்.

இன்னொரு காரணம் போடும் முறை. தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு நடுச்சுவரைப் பார்த்து அடித்தால் மருந்து தொண்டைக்குப் போகும், நடுச்சுவர் புண்ணாகி இரத்தம் வரும். முதலில் மூக்கைச் சிந்துங்கள். தலையைச் சற்று முன்னால் குனியுங்கள். வலது மூக்குக்கு இடது கையையும் இடது மூக்குக்கு வலது கையையும் பயன்படுத்துங்கள். அப்போது நுனி தானாகவே நடுச்சுவரை விட்டு விலகி, அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்த்து நிற்கும். அழுத்தும்போது மெதுவாக மூச்சை இழுத்தால் போதும், உறிஞ்ச வேண்டாம். தொண்டையில் மருந்தின் சுவை தெரிந்தால் பலமாக இழுத்துவிட்டீர்கள். புதிய குப்பியைக் குலுக்கி, காற்றில் சிலமுறை அடித்து, சீரான தூவல் வந்த பிறகு போடுங்கள். அடிக்கடி இரத்தம் வந்தால் சில நாள் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்டீராய்டு என்றதும் வரும் பயத்தைப் புரிந்துகொள்கிறேன், ஆனால் ஃப்ளூட்டிகாசோனும் மொமெட்டாசோனும் மூக்கிலிருந்து இரத்தத்துக்குப் போவது மிக மிகக் குறைவு. மாத்திரையாக மாதக்கணக்கில் சாப்பிடும் ஸ்டீராய்டோடு இதை ஒப்பிடக் கூடாது. விலக்குகள் உண்டு. எச்.ஐ.வி.க்கு ரிட்டோனாவிர் சேர்ந்த மருந்து எடுப்பவர்களுக்கு ஃப்ளூட்டிகாசோன் உடலில் தேங்கிவிடும், புடெசோனைடுக்கும் இதே சிக்கல் உண்டு, அவர்கள் மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் கண் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு நீண்ட நாள் தரும்போது உயரத்தை அளந்துவர வேண்டும். ஒவ்வாமைக்கு என்று மாதம் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடும் பழக்கம்தான் உண்மையில் பயப்பட வேண்டியது. அது எலும்பையும் சர்க்கரையையும் அட்ரீனல் சுரப்பியையும் பதம் பார்க்கும்.

மாத்திரைகளில் செட்டிரிசின், லோராடடின், ஃபெக்ஸோஃபெனாடின், பிலாஸ்டின் வகைகள் தும்மலுக்கும் அரிப்புக்கும் நல்லவை. பழைய குளோர்ஃபெனிரமின் வகை தூக்கத்தையும் மந்தத்தையும் தரும். வண்டி ஓட்டுபவர்களுக்கும் முதியவர்களுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் அது வேண்டாம். ஃபெக்ஸோஃபெனாடினைப் பழச்சாறோடு விழுங்கினால் உடலில் சேருவது குறையும், தண்ணீரே போதும். ஸ்பிரே மட்டும் போதாதவர்களுக்கு அசெலாஸ்டினும் ஃப்ளூட்டிகாசோனும் ஒன்றாகக் கலந்த ஸ்பிரே இருக்கிறது. கசக்கும், ஆனால் வேகமாகக் கேட்கும். ஒழுக்கு மட்டுமே தொல்லை என்றால், முக்கியமாக வயதானவர்களுக்கு, இப்ராட்ரோபியம் ஸ்பிரே உதவும். மான்டெலுகாஸ்டை எடுத்த எடுப்பில் தொடங்க வேண்டாம். மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையை இந்த மருந்துக்குச் சேர்த்தது. சளி மாத்திரைகளில் கலந்திருக்கும் ஃபினைலெஃப்ரின், வாய்வழியாகச் சாப்பிட்டால் அடைப்புக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று அதே நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பெயர் ஒன்றுபோல் ஒலிக்கும் சூடோஎஃபெட்ரின் வேலை செய்யும், ஆனால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும்.

உப்புநீரால் கழுவுவது மலிவானது, பயனுள்ளது. கால் லிட்டர் நீருக்குக் கால் முதல் அரைத் தேக்கரண்டி அயோடின் சேர்க்காத உப்பு. குறைந்தது ஒரு நிமிடம் நன்றாகக் கொதித்து ஆறிய நீராகவோ காய்ச்சி வடித்த நீராகவோதான் இருக்க வேண்டும். குழாய் நீரை நேரடியாக மூக்கில் விடாதீர்கள். அபூர்வமாக அதில் இருக்கும் ஒருவகை அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போனால் பிழைப்பது மிக அரிது. கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து ஸ்பிரே போடுங்கள். மென்தால் தைலம் தடவினால் மூக்கு திறந்த மாதிரி இருப்பது குளிர்ச்சியை உணரும் நரம்பு தூண்டப்படுவதால்தான், அளந்து பார்த்தால் காற்றுப் பாதை அப்படியே இருக்கும். அந்த உணர்வே தூங்கப் போதுமென்றால் பெரியவர்கள் தடவிக்கொள்ளலாம். ஆவி பிடிப்பதற்கும் பெரிய சான்று இல்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் உட்காருவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், வெந்து போய் வரும் பிள்ளைகள் அதிகம்.

மருந்தை நிறுத்தினால் மறுபடி வருகிறதே என்பவர்களுக்கு, காரணமான பொருள் உறுதியாகத் தெரிந்தால், இம்யூனோதெரபி இருக்கிறது. அதே பொருளை ஊசியாகவோ நாக்கடியில் வைக்கும் மாத்திரை, சொட்டாகவோ சிறிய அளவில் கொடுத்து உடலைப் பழக்குவது. 1911இல் லியோனார்ட் நூன் என்ற பிரிட்டன் மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது. மூன்று வருடமாவது எடுத்தால்தான் நிறுத்திய பிறகும் பலன் நீடிக்கும். கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து, ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாத நிலைகள் சில உண்டு. அடைப்பு எப்போதும் ஒரே பக்கம் மட்டும், அதுவும் நாளாக நாளாகக் கூடுகிறது, கூடவே இரத்தம் அல்லது துர்நாற்றம், கன்னம் மரத்துப்போதல், பார்வை இரட்டையாகத் தெரிதல், கண்ணைச் சுற்றி வீக்கம், கழுத்தில் கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள், கண்ணைச் சுற்றி வீக்கமோ பார்வைக் கோளாறோ இருந்தால் அன்றே. தலையில் அடிபட்ட பின் ஒரு மூக்கில் மட்டும் தெளிந்த நீர் சொட்டினால் அது மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம். சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களுக்கோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கோ முகவலியோடு கருப்பாகச் சளி வந்தால் அது மணிக்கணக்கில் பரவும் பூஞ்சையாக இருக்கலாம். சிறு குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் உள்ளே எதையோ திணித்திருக்கிறது என்று கொள்ளுங்கள். அது பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்தில் நடுச்சுவரையே அரித்துவிடும். வாய் திறந்தபடி தூங்கிக் குறட்டை விடும் பிள்ளைக்கு மூக்கின் பின்பக்கம் இருக்கும் அடினாய்டு சதையைப் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் ஆபரேஷன். மூக்கின் நடுச்சுவர் நூல் பிடித்தாற்போல நேராக இருப்பவர்கள் குறைவு. ஸ்கேன் எடுத்தால் பலருக்கும் வளைவு என்று எழுதியிருக்கும், அவர்களில் பலருக்கு ஒரு தொல்லையும் இருக்காது. அதே சமயம் ஆபரேஷனே வீண் என்று சொல்லமாட்டேன். வளைவால் உண்மையாகவே அடைப்பு உள்ளவர்களில் ஆபரேஷனையும், ஸ்பிரேயும் உப்புநீரும் சேர்ந்த சிகிச்சையையும் ஒப்பிட்டு 2023இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஆறு மாதம் கழித்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களே நன்றாக இருந்தார்கள். கேள்வி, நீங்கள் அவர்களில் ஒருவரா என்பது. சொட்டு மருந்தை விட்டு, ஸ்பிரேயைச் சரியான முறையில் தினமும் ஆறு முதல் எட்டு வாரம் போட்டு, உப்புநீரும் கழுவிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரே பக்கம் நிலையாக அடைத்திருந்து, எண்டோஸ்கோபியில் வளைவும் அதே பக்கம் காற்றுப் பாதையை மறித்து நின்றால், நடுச்சுவரை நேராக்குவதும் தேவைப்பட்டால் கீழ் டர்பினேட்டைக் கொஞ்சம் சிறிதாக்குவதும் பயன் தரும். டர்பினேட்டை முழுதாக வெட்டி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். அது போனால் மூக்கு வறண்டு, பாதை அகலமாகத் திறந்திருந்தும் மூச்சு முட்டுகிற உணர்வு சிலருக்கு ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தாலும் காலைத் தும்மலையும் ஒழுக்கையும் அது தொடாது, அவற்றுக்கு ஸ்பிரே அதன் பிறகும் வேண்டியிருக்கும்.